உருக்கொடுத்த கைகள்

கம்பளி ஸ்வெட்டரின் வடிவத்தைப் பின்னல் ஊசி தருகிறது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள செட்லண்ட் தீவுகளின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அங்கே வடிவம் தருவது தனி வேலை.

19ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளின் பெண்கள் மெல்லிய சால்வைகள் பின்னினார்கள். பின்னி முடித்த சால்வை சுருங்கிக் கிடக்கும். அதைக் கழுவி, கந்தகப் புகையில் வெளுத்து, ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவைத்த பிறகே அது சால்வையாகும். பின்னாளில் ஸ்வெட்டருக்கென்று மரச்சட்டகம் வந்தது. நிமிர்ந்த கட்டைகள், கைகளுக்கு இருபுறமும் நீளும் பலகைகள், அளவை மாற்ற முளைகள். ஈர ஸ்வெட்டரை அதில் மாட்டிக் காற்றில் நிறுத்துவார்கள்.

பின்னியவர்களுக்குக் கூலி பெரும்பாலும் காசாகக் கிடைக்கவில்லை. வியாபாரிகள் தேயிலையும் துணியும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இதை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கை 1872இல் வந்தது. தீவுப் பெண்களே சாட்சி சொன்னார்கள். கூலியாகக் கிடைத்த தேயிலையைக் கொடுத்து மாவு வாங்க வேண்டிய நிலை அதில் பதிவாகியிருக்கிறது.

அதற்குச் சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1922இல், வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் செயின்ட் அண்ட்ரூஸ் கோல்ஃப் திடலில் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்து வந்தார். அந்தப் பல வண்ணப் பின்னல் நாகரிகமாயிற்று. அதன் வரலாற்றை எழுதுபவர்கள் இளவரசரை மறப்பதில்லை. ஈரத்தோடு இழுத்து உருக்கொடுத்தவர்களைச் சொல்வது அரிது.

அவர்கள் அறிந்திருந்த நுட்பம் இன்றும் நம் வீட்டில் பலிக்கும். கம்பளி இழை கெரட்டின் என்ற புரதம். நனைந்தால் அதன் உள்ளே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். காயும்போது, இழை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மீண்டும் பிணையும். எனவே, தொய்ந்துபோன பழைய ஸ்வெட்டரை நான் இப்படித்தான் மீட்கிறேன். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து, தேய்க்காமல் ஊறவிடுவேன். பிழியமாட்டேன், துவாயில் சுருட்டி அழுத்துவேன். பிறகு தட்டையாக விரித்து, அளவு நாடாவைப் பார்த்து மார்பையும் கைகளையும் ஒதுக்கிச் சரிசெய்து, துருப்பிடிக்காத ஊசி குத்தி நிழலில் காயவிடுவேன். அடிப்பட்டியை இழுக்கக்கூடாது, நெருக்கிச் சேர்த்தே வைக்க வேண்டும். ஈரமாகக் கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீண்டுவிடும்.

சூட்டிலும் உரசலிலும் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி இறுகிப்போன கம்பளியை மட்டும் பழையபடி மீட்க முடியாது. தொய்வு அப்படியல்ல. அதற்குத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

ஆடையின் சீட்டில் வியாபாரியின் பெயர் இருக்கும். அதற்கு உருக்கொடுத்தவர்களின் வேலையோ, ஒவ்வொரு முறை கழுவும்போதும் இன்னொருவர் கையால் தொடர்கிறது.