மொழித்தனிமையும் மரபுத்தொடர்பும்: பாஸ்க்கரும் அந்தமானியரும்

முன்னுரை

உறவுமொழி அறியப்படாத மொழியைப் பேசும் மக்கள் குருதிவழியாலும் ஏனையோரினின்று வேறுபட்டவராதல் வேண்டும் என்னும் எண்ணம் மானிடவியலில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. ஐரோப்பாவில் பாஸ்க்கரும் இந்தியாவில் அந்தமான் பழங்குடியினரும் இதற்குச் சான்றாகக் காட்டப்பெற்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பாஸ்க்கர்

பாஸ்க்கு மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சாராதது. அதனைப் பேசுவோரிடம் ஆர்எச் எதிர்மறைக் குருதிவகை மிகுதி. இவ்விரண்டையும் இணைத்து அவர்களை நியாண்டர்தால் மாந்தரின் வழியினராகக் கருதியோரும் உளர். ஆயின், 2010இல் வெளியான நியாண்டர்தால் மரபணுத்தொகுதி, அக்கலப்பு ஆப்பிரிக்காவிற்கு வெளியே வாழும் மக்கள் அனைவருக்கும் பொது என்று காட்டியது. அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடே. பாஸ்க்கருக்கு இதில் தனிப்பங்கு இல்லை. வடஸ்பெயினின் அட்டாபுவெர்க்கா எலும்புகளைக்கொண்டு 2015இல் நிகழ்ந்த ஆய்வு, அவர்களை முற்கால வேளாண் மக்களோடு தொடர்புபடுத்தியது. 2021இல் வெளியான ஆய்வோ, அவர்தம் தனித்தன்மை இரும்புக்காலம் முதலாகப் பிறரோடு மிகுதியும் கலவாமையால் விளைந்தது எனக் கண்டது.

அந்தமானியர்

இந்தியாவில் இவ்வகை ஆய்வில் முன்னின்றது, கொல்கத்தா சால்ட் லேக்கிலும் அலுவலகம் கொண்ட இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனமாகும். 1945இல் தோன்றிய அதன் முதல் இயக்குநர் பி. எஸ். குகா, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி உடலளவுகளை ஆராய்ந்து, இந்திய மக்களை ஆறு இனங்களாக வகுத்தார். நெகிரிட்டோ அவற்றுள் ஒன்று.

2005இல் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மைய அறிஞர்கள், ஓங்கே, பேரந்தமானியர் ஆகியோரின் தாய்வழி மரபுகள் தீவுகளுக்கே உரியன என்றும், அம்மக்கள் 50,000 ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்து வாழ்ந்தனர் என்றும் கருதினர். அடுத்த ஆண்டிலேயே எம்31 என்னும் அம்மரபின் கிளை பெருநிலத்திலும் காணப்பட்டது. மேற்குவங்கத்து லோதா மக்கள் அதனையுடையோருள் அடங்குவர். 2008இல் அளவாய்வு நிறுவனத்தாரும் பங்குகொண்ட ஆய்வு, தீவுக் குடியேற்றத்தை மறுமதிப்பீடு செய்தது. உடலை அளந்து இனம் வகுத்த நிறுவனமே மரபணுவைக்கொண்டு தொடர்பு தேடியமை கருதத்தக்கது.

ஓங்கே மொழியும் பேரந்தமானிய மொழிகளும் வெவ்வேறு குடும்பத்தன எனினும், அவற்றைப் பேசுவோர் எம்31 மரபால் உறவினர். எனவே மொழி எல்லையும் மரபு எல்லையும் ஒன்றல்ல என்பது பெறப்படும்.

பொதுமரபு

நியாண்டர்தால் மரபின் ஒரு கூறு மிகுதியாகக் காணப்படும் இடமும் இதனையே வலியுறுத்தும். மூன்றாம் குரோமோசோமில் அமைந்து, கொரோனா நோயைக் கடுமையாக்கும் நியாண்டர்தால் மரபுக்கூறு ஒன்றை செபெர்க், பேபோ ஆகியோர் 2020இல் கண்டறிந்தனர். ஐரோப்பியருள் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் அதனை உடையர். தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரும், வங்காளதேசத்தில் 63 விழுக்காட்டினரும் உடையர். வங்காளியோ பரந்த மொழிக்குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது, தனிமொழி அன்று.

முடிவுரை

2010இல் போ மொழியின் இறுதிப் பேச்சாளர் அந்தமானில் மறைந்தார். அத்தகு மொழிகளைப் பேணவேண்டுவது அவற்றைப் பேசுவோர் வேற்று மாந்தர் என்பதனால் அன்று. குருதி பொதுவாயிருக்க, மொழி மட்டும் ஓரிடத்தன்றி வேறெங்கும் கிடைக்காதது என்பதனாலேயே ஆகும்.