கணக்கு எழுதாத எழுத்தாளர்

அமெரிக்காவில் 1943-ல் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறை வந்தது. எழுத்தாளருக்கு அந்த வசதி கிடையாது. ராயல்டி முழுசாகக் கைக்கு வரும். கணக்கெழுதி வரி கட்டுவது அவர் பாடு. விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1946 முதல் 1955 வரை வரிக்கணக்கே தாக்கல் செய்யவில்லை! இத்தனைக்கும் 1946-ல் வந்த அவருடைய கதைப் புத்தகம் (நியூயார்க்கில் ஆபாசம் என்று வழக்கே நடந்தது) நன்றாக விற்றிருந்தது. பிற்பாடு பாக்கியோடு வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தன. வரிப்பணம் ஆயுதங்களுக்குப் போகிறது என்று சாடி 1963-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாக்கி விழுந்தது என்னவோ அலட்சியத்தால்தான். வேடிக்கை என்னவென்றால், அதே 1963-ல் அதிபர் கென்னடி அவரைச் சுதந்திரப் பதக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்.