பழைய கணினியின் திரை ஏன் தள்ளாடுகிறது? ஒரு சிறு வரலாறு



"பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன் சார். எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஆமை மாதிரி வருகிறது. பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாமா?" உங்களில் பலர் வெவ்வேறு சமயங்களில் கேட்ட கேள்வி இது. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். காரணம் தெரியாமல் கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்தால் அடுத்த முறை மாட்டிக்கொள்வீர்கள். வாய்பாட்டுக்கே இதைத்தான் சொல்வேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

கதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. 1983இல் அங்கே டி.இ.சி., ஐ.பி.எம். நிறுவனங்களின் துணையோடு 'அதீனா திட்டம்' வந்தது. வளாகம் முழுவதும் மாணவர்களுக்குக் கணினி கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் கணினிகள் ஒரே கம்பெனியுடையவை அல்ல. ஒன்றில் ஓடும் நிரலை இன்னொன்றின் திரையில் காட்ட வேண்டும். அதற்காக பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் 1984இல் ஒரு ஜன்னல் அமைப்பை உருவாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஏற்கெனவே 'டபிள்யூ' என்று ஒன்று இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டதால் ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்த எழுத்தான 'எக்ஸ்' என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள். 1987 செப்டம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வந்தது. இன்றும் பழைய லினக்ஸ் கணினிகளில் ஓடுவது அந்த 'எக்ஸ் 11' வழி வந்ததுதான்.

அது வேலை செய்த விதத்தைக் கரும்பலகை வைத்துச் சொல்கிறேன். வகுப்பில் ஒரே பலகை, ஒரே சாக்பீஸ். அதை வைத்திருப்பவர் எக்ஸ். ஒவ்வொரு நிரலும் அவரிடம் வந்து, "இங்கே ஒரு கோடு போடுங்கள், அங்கே ஓர் எழுத்து எழுதுங்கள்" என்று கேட்கும். ஒரு ஜன்னலை நகர்த்தினால் அடியில் இருந்த பகுதி அழிந்திருக்கும். உடனே எக்ஸ் அந்த நிரலைக் கூப்பிட்டு, "உன் பகுதி வெளியே தெரிகிறது, திரும்ப வரையச் சொல்" என்பார். அழிந்த இடத்தை மட்டும் வரைந்தால் போதும். நினைவகம் குறைவாக இருந்த காலத்துக்கு இது சிக்கனமான ஏற்பாடு.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். மறுவருடமே, சாதாரண பி.சி.க்களுக்கான எக்ஸாக 'எக்ஸ்ஃப்ரீ86' என்ற தன்னார்வத் திட்டம் பிறந்தது. பல்கலைக்கழகத்து விலையுயர்ந்த இயந்திரங்களில் இருந்தது, வீட்டு மேசைக்கு இறங்கி வந்தது இப்படித்தான். 1993இல் பிரையன் பால் என்பவர் 'மேசா' என்ற நிரலை எழுதத் தொடங்கினார். முப்பரிமாணப் படம் வரைவதற்கான 'ஓபன்ஜிஎல்' வரையறையை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி அமைத்துக் கொடுத்தது அது. நம் திரைத் தொல்லைக்குத் தீர்வு தேடும்போது இந்த மேசாவை மறுபடி சந்திப்போம்.

2004இல் உரிம நிபந்தனையை மாற்றியதால் எக்ஸ்ஃப்ரீ86இல் பிளவு ஏற்பட்டது. பெரும்பாலோர் விலகி எக்ஸ்.ஆர்க் பக்கம் வந்தார்கள். அதே ஆண்டில்தான் வரையும் முறையே மாறத் தொடங்கியது. கீத் பாக்கார்டு முதலானோர் கொண்டுவந்த 'காம்போசிட்' வசதியில், ஒவ்வொரு நிரலும் பலகையில் நேரடியாக வரையாது. ஆளுக்கொரு சார்ட் பேப்பரில் வரையும். 'காம்பாசிட்டர்' என்ற ஒருவர் அந்தத் தாள்களை எல்லாம் எடுத்து, நிழல், ஒளி ஊடுருவல் எல்லாம் சேர்த்துப் பலகையில் ஒட்டுவார். 2006இல் வந்த 'காம்பிஸ்' இதைக் காட்டித்தான் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. திரையே ஒரு கனசதுரம் போலச் சுழன்றது, ஜன்னல்கள் ஜெல்லி மாதிரி ஆடின.

அழகுதான். ஆனால் விலை என்ன? கணக்குப் போடுவோம். சாதாரண மடிக்கணினித் திரை 1366க்கு 768 புள்ளிகள். பெருக்கினால் 10,49,088. ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக ஒரு படத்துக்குச் சுமார் 42 லட்சம் பைட். வினாடிக்கு 60 முறை ஒட்டினால் சுமார் 25 கோடி பைட்! இதற்கென்றே பிறந்த கிராஃபிக்ஸ் சிப்புக்கு இது விளையாட்டு. அந்தச் சிப்பைப் பயன்படுத்த முடியாவிட்டால் முழுச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழும். கணக்குப் போட வேண்டிய பையனைக் கூப்பிட்டு நாள் முழுக்கச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்ன கதைதான்.

முதலில் காம்பாசிட்டர் விருப்பப் பாடமாக இருந்தது. 2011இல் வந்த க்னோம் 3 அதைக் கட்டாயப் பாடமாக்கியது. முடியாத கணினிகளுக்கென்று வைத்திருந்த எளிய முறையும் 2013இல், 3.8 பதிப்பில் எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, சிப்பின் வேலையை மையச் செயலியே செய்யும் 'எல்எல்விஎம்பைப்' என்ற மேசாவின் பகுதி கைகொடுத்தது. திரை வரும். ஆனால் பழைய செயலியில் தள்ளாடித்தான் வரும்.

சிப் இருந்தும் ஏன் பயன்படுத்த முடியவில்லை என்று கேட்பீர்கள். இன்டெல் தன் பெரும்பாலான சிப்களுக்குத் திறந்த நிரலையே கொடுத்தது. ஏ.எம்.டி. 2007இல் தன் சிப்களின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா நீண்ட காலம் மூடியே வைத்திருந்தது. அதன் 340 வரிசை டிரைவருக்கு ஆதரவு 2019 கடைசியோடு முடிந்தது. இன்டெல்லிலும் விதிவிலக்கு உண்டு. ஜி.எம்.ஏ. 500, 3600 என்ற சிப்கள் உள்ளே வேறு நிறுவனத்தின் வடிவமைப்பு. லினக்ஸ் கருவில் உள்ள டிரைவரால் அவற்றில் திரையைக் காட்ட முடியும், முப்பரிமாண முடுக்கம் கிடையாது. மலிவான ஆட்டம் மடிக்கணினிகள் பலவற்றில் இவைதான் இருந்தன.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. பல வீடுகளில் முதல் கணினியே அதுதான். பரண் மேல் இருப்பதை இறக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்காகவே இனி வருவது.

முதல் வேலை, யார் வரைகிறார் என்று கண்டுபிடிப்பது. 'மேசா யூட்டில்ஸ்' தொகுப்பை நிறுவி, டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையைக் கொடுங்கள். 'ரெண்டரர்' என்ற வரியில் இன்டெல், ஏ.எம்.டி. என்று சிப்பின் பெயர் வந்தால் நல்லது. 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் வெள்ளையடிப்பது மையச் செயலி.

இரண்டாவது, அப்படி வந்தால் 'நோமோட்செட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது திரை இருண்டால் 'பாதுகாப்பான கிராஃபிக்ஸ்' என்ற வழியைத் தேர்ந்தெடுப்போம். அப்போது தொடக்க வரியில் சேரும் இந்தச் சொல் பிறகும் அங்கேயே தங்கிவிடலாம். 2009 முதல் திரையை அமைக்கும் பொறுப்பு லினக்ஸ் கருவுக்கு மாறியது. அதைத் தடுப்பதுதான் இந்தச் சொல். தடுத்தால் சரியான டிரைவரும் எழுந்திருக்காது. 'க்ரப்' பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, ஒரு முறைக்கு மட்டும் நீக்கிப் பாருங்கள். திரை ஒழுங்காக வந்தால் பிறகு நிரந்தரமாக நீக்கலாம். வராவிட்டால் மறுபடி தொடக்கினால் பழையபடி இருக்கும்.

மூன்றாவது, ஜி.எம்.ஏ. 3600 போன்ற சிப் என்றால் டிரைவரைத் தேடி அலையாதீர்கள். ஒட்டுபவருக்கு ஓய்வு கொடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' சென்று காம்பாசிட்டரை அணைக்கலாம். மேட் டெஸ்க்டாப்பிலும் இந்த வசதி உண்டு. நிழல் போய்விடும், வேகம் வந்துவிடும்.

நான்காவது, க்னோம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ, மேட், எல்எக்ஸ்க்யூடி இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். எக்ஸ்எஃப்சிஇ 1996இலேயே பிறந்தது, சிக்கனம் அதற்குப் பழக்கம். என் மேசையில் 2 ஜி.பி. நினைவகம் உள்ள ஒன்று அதில்தான் ஓடுகிறது. தமிழ் தட்டச்சுக்கும் மின்நூல் படிக்கவும் பேத்திக்கும் எனக்கும் அது போதுகிறது.

ஒன்று கவனியுங்கள். ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் குற்றவாளி கிராஃபிக்ஸ் அல்ல, நினைவகப் பற்றாக்குறை. உலாவியில் பத்துப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு திரையைத் திட்டக் கூடாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. நல்ல நிலையில் உள்ள எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11 ஏறாது என்ற ஒரே காரணத்தால் 'பழசு' ஆகிவிட்டன. லினக்ஸ் உலகிலும் பழசைக் கழிப்பது நடக்கிறது. 2022இல் மேசா மிகப் பழைய சில டிரைவர்களை முதன்மைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. ஆனால் தூக்கி எறியவில்லை, 'ஆம்பர்' என்ற தனிக் கிளையில் வைத்தது. மூல நிரல் திறந்திருப்பதால்தான் அது முடிந்தது. மூடிய டிரைவரைக் கம்பெனி கைவிட்டால் நமக்கு வேறு நாதியில்லை.

கணினி எப்போது கிழமாகிறது என்பதை இரும்பும் சிலிக்கானும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒருவர் எடுக்கும் முடிவும் தீர்மானிக்கிறது. அந்த முடிவு நமக்குப் பொருந்துமா என்று பார்ப்பது நம் கையில். கடைக்குப் போடும் முன் மேலே சொன்ன நான்கையும் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால், உங்களுக்குத் தேவையில்லை என்றாலும், உங்கள் தெருவில் கணினி இல்லாத பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும்.

'ரெண்டரர்' வரியில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் அப்படித்தானே உட்கார வைத்தேன்!

அன்புடன்,
உங்கள் சார்