ஒலிபெருக்கி முதல் கைபேசி வரை: புதுவைக் கிராமங்கள் சொல்லும் பாடம்

இன்று விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வாகனங்கள் ஃபாஸ்டேக் மூலம் கட்டணம் செலுத்திவிட்டுக் கடந்து செல்கின்றன. டீக்கடையிலும் பூக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் கிராமத்து மக்களுக்கு மின்னணு வழியில் தகவல் தர முடியும் என்ற முயற்சி, கைபேசி இங்கு பரவுவதற்கு முன்பே இப்பகுதிக்கு வெகு அருகில் நடந்தது. அதன் வரலாறு பலருக்குத் தெரியாது.

வில்லியனூரில் தொடக்கம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள ஊர் வில்லியனூர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் இவ்வூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதியுதவி செய்தது. அன்று பல கிராமங்களில் தொலைபேசி இணைப்பே சரியாகக் கிடையாது. எனவே வயர்லெஸ் கருவிகள் மூலம் கிராமங்கள் வில்லியனூருடன் இணைக்கப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய ஒளி மின்சாரமும் பயன்பட்டது.

மையத்துக்கான இடத்தைக் கிராமமே தர வேண்டும், சாதி வேறுபாடின்றி அனைவரும் உள்ளே வர அனுமதிக்க வேண்டும் என்பன முக்கிய நிபந்தனைகள். எம்பலம் கிராமத்தில் கோயில் வளாகத்திலேயே கணினி வைக்கப்பட்டது. மையங்களை நடத்திய உள்ளூர்த் தன்னார்வலர்களில் பெண்கள் பலர். நெல் விலை, இடுபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி போன்ற விவரங்கள் தமிழிலேயே கிடைத்தன.

வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அங்கு மக்கள் கேட்டது அலையின் உயரத்தை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான வங்கக்கடல் அலை முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. படிக்கத் தெரியாதவரும், கணினியைத் தொட்டுப் பார்க்காதவரும் இணையத்தின் பயனைப் பெற்றனர். இத்திட்டத்துக்கு 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

நல்லவாடும் ஒரு தொலைபேசி அழைப்பும்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் வருகிறது என்ற தகவல் கிடைத்ததும், அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். படகுகளும் வீடுகளும் போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொலைபேசி மட்டும் இருந்திருந்தால் செய்தி ஒரு குடும்பத்தோடு நின்றிருக்கும். ஒலிபெருக்கி மட்டும் இருந்திருந்தால் சொல்வதற்குச் செய்தியே இருந்திருக்காது. இரண்டும் சேர்ந்ததால்தான் ஊர் பிழைத்தது. இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007-ல்தான் செயல்படத் தொடங்கியது.

கைபேசி வந்த கதை

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. ஆரம்பத்தில் வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். 2003-ல் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தந்தது. அதன் பிறகே சாமானியர் கைக்குச் செல்போன் வந்தது எனலாம்.

இதன் பொருளாதார விளைவை அளந்தவர் ராபர்ட் ஜென்சன். 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைபேசிச் சேவை வந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன நடந்தது என்று ஆராய்ந்து, 2007-ல் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி அடுத்த கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் நிற்பார்கள். கடலிலிருந்தே விலை கேட்க முடிந்ததும் இந்த வீண் நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. வணிகவியல் பாடத்தில் படிக்கும் 'சந்தைத் தகவல்' என்பதன் மதிப்பு இதுதான்.

அதே 2007-ல் சுவாமிநாதன் நிறுவனம் தனியார் நிறுவனங்களுடன் சேர்ந்து மீனவர் நண்பன் என்னும் கைபேசிச் சேவையைச் சோதனை முறையில் தொடங்கியது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் பகுதி ஆகியவை கைக்குள் வந்தன. பிற்பாடு அது ஆண்ட்ராய்டு செயலியாகவும் வளர்ந்தது.

எட்டாத இடங்கள்

ஆனால் கைபேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து சில கடல் மைல்களோடு முடிந்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் ஏற்கெனவே அந்த எல்லைக்கு அப்பால் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை.

கரையிலும் இதே நிலை வரலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரம் போனது. மின்சாரம் போனால் கைபேசியின் சார்ஜும் தீரும், கோபுரத்தின் பேட்டரியும் தீரும். செய்தி மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான்.

முடிவாக

வில்லியனூர் முயற்சியின் பலம் கணினியில் மட்டும் இருக்கவில்லை. என்ன தகவல் வேண்டும் என்று ஊரைக் கேட்டார்கள். ஊரின் மொழியில் தந்தார்கள். கருவி இல்லாதவருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். இன்று எல்லாச் சேவையும் ஸ்மார்ட்போனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. போன் இல்லாத பாட்டிக்கும், சிக்னல் இல்லாத படகுக்கும் செய்தி போய்ச் சேர்கிறதா என்ற கேள்வியை 1998-ல் கேட்டார்கள். இப்போதும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.