நீல ஒளிக்காகப் போராடிய மூவர்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டபோது, பழைய இயற்பியல் மாணவன் என்ற முறையில் எல்.இ.டி. விளக்கின் கதையைச் சொல்லலாமே என்று தோன்றியது. இன்று வீட்டுக்கு வீடு எரிகிற இந்த பல்பு சும்மா வந்துவிடவில்லை.

1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். பின்னர் பச்சையும் வந்தது. பளிச்சென்ற நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி ஏது?

காலியம் நைட்ரைடு நீல ஒளி தரும் என்று தெரியும். ஆனால் நல்ல படிகமாக வளராமல் அடம்பிடித்தது. "இது தேறாது" என்று பலரும் துத்தநாக செலினைடு பக்கம் போய்விட்டார்கள். 1973 முதல் அதையே பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியரான இசாமு அகசாகி மட்டும் அசையவில்லை. 1981-இல் அவர் நகோயா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஹிரோஷி அமனோ என்ற மாணவர் அவரிடம் சேர்ந்தார். 1500 தடவைக்கு மேல் சோதனை செய்தும் பலனில்லை.

1985-இல் ஒருநாள் உலையில் சூடு சரியாக ஏறவில்லை. வேறொருவராக இருந்தால் மூடிவிட்டுப் போயிருப்பார். அமனோவோ, குறைந்த சூட்டிலேயே அலுமினியம் நைட்ரைடை மெல்லிசாகப் படியவிட்டு, அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்துப் பார்த்தார். எடுத்துப் பார்த்தால் கண்ணாடி போலத் தெளிவு! காலியம் வாயுவைத் திறந்துவிட மறந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாராம்.

டையோடு என்றால் பி-வகை, என்-வகை இரண்டும் வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். பி-வகைதான் கிடைக்கவில்லை. மக்னீசியம் கலந்து எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, 1989-இல் அதையும் இருவரும் சாதித்தார்கள்.

இதற்கிடையே, ஷிகோகு தீவில் நிச்சியா என்ற ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா 1988-இல் களத்தில் இறங்கினார். படிகம் வளர்க்கும் கருவியைத் தானே மாற்றி அமைத்தார். எலெக்ட்ரான் கற்றை தேவையில்லை, சூடாக்கினாலே போதும் என்று 1992-இல் காட்டினார். மக்னீசியத்தை முடக்கியது ஹைட்ரஜன். சூட்டில் அது விலகிவிடுகிறது. 1993-இல் பளிச்சென்ற நீல விளக்கு வெளிவந்தது. நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சைச் சேர்த்ததும் வெள்ளை ஒளி பிறந்தது. 2014-இல் மூவருக்கும் நோபல் பரிசு. அகசாகிக்கு அப்போது வயது 85!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் ரெக்கார்டு நோட்டில் சரியாக வந்த ரீடிங்குக்குத்தான் மார்க். ஆனால் வராமல் போன அந்த 1500-ஐயும் செய்து பார்த்த கைக்குத்தான், உலை மக்கர் செய்த அன்று என்ன செய்யலாம் என்று தெரிந்தது. சோதனை சொதப்பினால் மனசு விடாதீர்கள். மறுநாளும் லேபுக்குப் போங்கள்.