ஒரு கடவுச்சொல்லும் ஒரு பதிவேடும்: ஒற்றை உள்நுழைவின் வரலாறு

ஒற்றை உள்நுழைவு என்ற சொல்லை இப்போது அடிக்கடி கேட்கிறோம். டெலிமாவுக்குள் கல்வி அமைச்சு கொடுத்த கணக்கில் ஒரு தடவை நுழைந்தால் போதும், கூகள் கிளாஸ்ரூமுக்குத் தனியாக இன்னொரு கடவுச்சொல் வேண்டியதில்லை. இதை விளக்கும் பலரும் பயனர் பக்கத்திலிருந்தே விளக்குகிறார்கள். பத்துக் கடவுச்சொல் ஒன்றாகிவிட்டது, நினைவுச் சுமை குறைந்தது என்பார்கள். அது பாதிக் கதைதான். ஒரே கடவுச்சொல் பல கதவுகளைத் திறக்க வேண்டுமானால், அந்தக் கதவுகளையும் அடையாளச் சேவை அறிந்திருக்க வேண்டும். அதாவது, பயனருக்கு முன்பே செயலி பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வைத்திருப்பது, அதில் யார் பெயர் ஏறலாம் என்ற கேள்வி நாற்பது ஆண்டுகளாக இழுபடுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கணினியில் கடவுச்சொல் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற இயங்குதளத்தைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். ஆளுக்கொரு கடவுச்சொல். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். (மாணவர்கள் எந்தக் காலத்திலும் மாணவர்கள்தான்!) அப்போது ஒரே ஒரு கணினிதான் இருந்தது. கடவுச்சொல்லைக் கேட்பதும் அதைச் சரிபார்ப்பதும் அதே கணினிதான். ஆகவே யாரிடமும் எதையும் பதிய வேண்டிய தேவை எழவில்லை.

அந்தத் தேவை அதே எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தோடு வந்தது. ஐ.பி.எம்., டி.இ.சி. நிறுவனங்களின் ஆதரவோடு பல்கலைக்கழக வளாகம் முழுக்கக் கணினிகளை வைத்தார்கள். மாணவர் எந்தக் கணினியிலும் உட்காரலாம். மின்னஞ்சல் ஓரிடத்தில், கோப்புகள் ஓரிடத்தில், அச்சு இயந்திரம் வேறோர் இடத்தில். ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல்லை வலையமைப்பில் அனுப்பினால் நடுவில் எவரும் ஒட்டுக்கேட்கலாம். இதற்குத் தீர்வாக உருவானதுதான் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. அதன் அடிப்படை நெறிமுறையை 1978இல் நீதம், ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள்.

கெர்பரோஸ் வேலை செய்யும் விதம் இது. மாணவர் காலையில் ஒருமுறை தன்னை நிரூபித்தால் சில மணி நேரத்துக்குச் செல்லும் ஒரு சீட்டு கிடைக்கும். அதைக் காட்டி மின்னஞ்சலுக்கு ஒன்று, அச்சு இயந்திரத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் வலையமைப்பில் பயணம் செய்வதே இல்லை. சரி, வந்திருப்பது உண்மையான சீட்டுதான் என்று அச்சு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் பதிவேடு வருகிறது. சேவை ஒவ்வொன்றையும் நிர்வாகி முன்கூட்டியே கெர்பரோஸ் தரவுத்தளத்தில் பெயர் எழுதிப் பதிவார். அந்தச் சேவைக்கென ஓர் இரகசியச் சாவி உருவாகும். ஒரு படி தரவுத்தளத்தில் இருக்கும், இன்னொரு படி அந்தச் சேவை ஓடும் கணினியில் இருக்கும். அச்சு இயந்திரத்துக்கான சீட்டை அந்தச் சாவியால்தான் பூட்டுவார்கள். பதிவாகாத கணினிக்குச் சாவி இல்லை, சீட்டைத் திறக்கவும் முடியாது. செயலியைப் பதிவுசெய்தல் என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடி இதுதான் என்பேன். 1993இல் வெளிவந்த கெர்பரோஸ் 5ஆம் பதிப்பின் வழிவந்த முறை இன்றும் பல அலுவலகக் கணினிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

வளாகத்துக்குள் ஒரு நிர்வாகி போதும். இணையத்துக்கு யார் நிர்வாகி? 1999இல் மைக்ரோசாஃப்ட் 'நான்தான்' என்று வந்தது. பாஸ்போர்ட் என்ற அதன் சேவையில் சேர விரும்பும் வணிகத் தளங்கள் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் பாஸ்போர்ட்டின் இணையப் பெயருக்குரிய கட்டணத்தைக் கட்ட நிறுவனம் மறந்துபோனது. ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு நிரலர் தன் பணம் 35 டாலரைக் கட்டிப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தார். எல்லாப் பதிவும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? 2001இல் சன் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து லிபர்ட்டி அலையன்ஸ் என்ற எதிரணியை அமைத்தார்கள். அந்த முயற்சியின் பங்களிப்பும் சேர்ந்து 2005இல் சாம்ல் 2.0 என்ற பொதுத்தரம் வந்தது. பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரு பொதுப் பதிவேட்டை வைத்துக்கொண்டன. ஒரு நூலகத் தரவுத்தளம் அதில் ஒருமுறை பதிந்தால், உறுப்புப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் அது அறிமுகம் ஆகிவிடும்.

அதே 2005இல் நேர் எதிரான ஒரு முயற்சியும் நடந்தது. லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக், ஓப்பன் ஐடி முறையை வெளியிட்டார். இதில் பதிவேடே கிடையாது. எந்தத் தளமும் எந்த அடையாளச் சேவையிடமும் யாரையும் கேட்காமல் போய், 'இவர் யார்?' என்று கேட்கலாம். கொள்கை என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நடைமுறையில் சிக்கல் வந்தது. பயனர் தன் பெயருக்குப் பதிலாக ஓர் இணைய முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் ஏமாற்றுக்காரனும் கேட்கலாம். போலியான நுழைவுப் பக்கத்துக்குப் பயனரைத் திருப்பிவிடுவது அவனுக்குச் சுலபமாகப் போயிற்று.

அந்தக் காலத்தில் இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சமூகத் தளங்கள் உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கின. மக்களும் கொடுத்தார்கள்! இதை நிறுத்தவே 2007இல் ஓஆத் பிறந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6749 என்ற ஆவணமாக வந்தது. அறிமுகப் பகுதி முடிந்த கையோடு அதன் 2ஆம் பகுதி செயலிப் பதிவைப் பற்றித்தான் பேசுகிறது. 2014இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட், பழைய ஓப்பன் ஐடியின் பெயரை வைத்துக்கொண்டு ஓஆத்தின் மேல் கட்டப்பட்டது. பதிவேடு திரும்பி வந்துவிட்டது.

இன்று ஒருவர் தன் செயலியைப் பதியும்போது அதன் பெயர், சின்னம், என்னென்ன தகவல் வேண்டும் என்ற அனுமதி எல்லை, பயனரைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி ஆகியவற்றைக் கொடுக்கிறார். பதிலுக்குச் செயலி எண் ஒன்று கிடைக்கும். செயலி சொந்தமான சேவையகத்தில் ஓடுவதாக இருந்தால் ஓர் இரகசியச் சாவியும் கிடைக்கும். இவற்றில் மாணவர்கள் சாதாரணமாக நினைத்துக் கடந்துபோவது திரும்பு முகவரியை. உண்மையில் கவனிக்க வேண்டியது அதைத்தான். பயனர் சம்மதம் சொன்னதும் அடையாளச் சேவை ஓர் இரகசியக் குறியீட்டை அந்த முகவரிக்குத்தான் அனுப்பும். திருடன் கோரிக்கையில் தன் முகவரியைச் செருகிவிட்டால் குறியீடு அவன் கைக்குப் போகும். அதனால்தான் சேவை, கோரிக்கையில் உள்ள முகவரியைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. ஒரு காலத்தில் பாதி பொருந்தினாலே சரி என்று விட்டவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 9700, எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும் என்கிறது. பயனர் கணினியிலேயே ஓடும் செயலிகளுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு.

முகவரியைச் சரிபார்க்கலாம். பெயரை? 2017 மே 3ஆம் தேதி ஜிமெயில் பயனர்களுக்கு, தெரிந்தவர் ஒருவர் ஆவணம் பகிர்ந்ததாக மின்னஞ்சல் வந்தது. சொடுக்கினால் உண்மையான கூகள் பக்கமே திறந்தது. 'கூகள் டாக்ஸ்' உங்கள் மின்னஞ்சலையும் தொடர்புப் பட்டியலையும் கையாள அனுமதி கேட்கிறது என்றது. அது கூகளின் செயலி அல்ல. யாரோ ஒருவர் அந்தப் பெயரிலேயே ஒரு செயலியைப் பதிந்துவிட்டிருந்தார். சம்மதித்தவரின் தொடர்புகளுக்கெல்லாம் அதே மின்னஞ்சல் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டோம், பாதிக்கப்பட்டவர்கள் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கூகள் சொன்னது. ஒரு கடவுச்சொல்கூடத் திருடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவது இதற்கு மருந்தாகாது. கணக்கின் அமைப்புக்குள் போய், அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க வேண்டும். (அந்தப் பட்டியலை உங்கள் கணக்கில் திறந்து பாருங்க. ஏதோ ஒரு புதிர்ப்போட்டிக்காக எப்போதோ சம்மதித்த செயலி இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.)

அதன் பிறகு கூகள் பதிவு விதிகளை இறுக்கியது. சரிபார்க்கப்படாத செயலி என்றால் பயனருக்கு எச்சரிக்கைப் பக்கம் காட்டத் தொடங்கியது. பள்ளிகளைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 2023இல் வந்தது. கூகளின் கல்விக் கணக்குகளில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்று குறிக்கப்பட்ட மாணவர், கூகள் கணக்கைக் கொண்டு வெளிச் செயலி ஒன்றில் நுழைய வேண்டுமானால், அந்தக் கணக்குகளின் நிர்வாகி அதை முன்பே பரிசீலித்து அனுமதித்திருக்க வேண்டும். செயலியை உருவாக்கியவர் கூகளிடம் பதிந்திருப்பது மட்டும் இனிப் போதாது. நல்ல புதிர்ச் செயலி ஒன்றைக் கண்டுபிடித்து, மறுநாள் வகுப்பில் மாணவர்களைத் திறக்கச் சொன்னால், திரையில் தடை என்று வரும். அதை வலையமைப்புக் கோளாறு என்று நினைத்து வகுப்பறையை மாற்ற வேண்டாம். நிர்வாகியிடம் விண்ணப்பம் போக வேண்டும். அந்தச் செயலி மாணவர்களின் எந்தத் தகவல்களைக் கேட்கிறது என்பதையும் விண்ணப்பத்தில் எழுதி அனுப்பினால், அவர் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.