பிளேட்லெட் 92... பயப்படணுமா?

மூன்று நாளாகக் காய்ச்சல். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு ஹெல்த்ஹப் செயலிக்கு வந்துவிட்டது: பிளேட்லெட் 92, இயல்பைவிடக் குறைவு. அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தமிழ்நாட்டிலிருந்து மாமா பதறுகிறார். "இங்க 20,000க்குக் கீழ போனாலே ஆபத்துன்னு சொல்றாங்க. உனக்கு வெறும் 92ஆ?"

மாமா பதற வேண்டாம். இங்கே அளவு வேறு.

சிங்கப்பூரில் ஒரு லிட்டர் ரத்தத்தில் எத்தனை நூறு கோடி பிளேட்லெட் என்று எழுதுவார்கள். இந்தியாவில் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டர் கணக்கு. நம் எண்ணுக்குப் பின்னால் மூன்று சுழியம் சேர்த்தால் போதும். 92 என்றால் அவர்கள் கணக்கில் 92,000. இயல்பான அளவு ஏறக்குறைய 150 முதல் 400 வரை, அதாவது ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இது சற்று மாறும்.

பிளேட்லெட் என்பது ரத்தத் தட்டணு. எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ஒரு வாரம் பத்து நாள் வாழும். விரல் வெட்டுப்பட்டால் முதலில் ஓடிவந்து அடைப்பது இதுதான்.

எண்ணிக்கை ஏன் குறைகிறது?

நம் ஊரில் காய்ச்சலோடு குறைந்தால் முதல் சந்தேகம் டெங்கி. 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. மற்ற கிருமித்தொற்று, சில மருந்துகள், கல்லீரல் நோய், கர்ப்பத்தின் கடைசி மாதங்கள் ஆகியவற்றாலும் குறையலாம். சில நேரம் குறையவே இல்லை! ரத்தம் எடுத்த குழாயில் உள்ள மருந்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணும் இயந்திரம் ஏமாந்துபோகும். எந்த அறிகுறியும் இல்லாதவருக்குத் திடீரென்று குறைந்த எண் வந்தால் வேறு குழாயில் மறுபடி எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

டெங்கியில் ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நேற்று 140, இன்று 92, நாளை? அதைப் பார்க்கத்தான் "நாளைக்கும் வாங்க" என்கிறார்கள். கூடவே ஹிமட்டோகிரிட் என்ற இன்னொரு வரியையும் டாக்டர் பார்ப்பார். பிளேட்லெட் சட்டென்று இறங்கும்போது அது ஏறினால், ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசிகிறது என்று பொருள். டெங்கியில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில் தொடங்கும். "காய்ச்சல் போயிடுச்சு, வேலைக்குப் போறேன்" என்று கிளம்பும் அதே நாள். அப்போது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், தூக்கக் கலக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பிளேட்லெட் ஏற்றச் சொல்லலாமா?

குடும்பத்தினர் அடிக்கடி கேட்பது இது. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் பிளேட்லெட் 20 அல்லது அதற்கும் கீழே இருந்த 372 டெங்கி நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. கடுமையான ரத்தக்கசிவு யாருக்கும் இல்லை. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. 2017இல் லான்செட் சஞ்சிகை அதை வெளியிட்டது. ரத்தம் கசியத் தொடங்கினால் அது வேறு கதை.

பப்பாளி இலைச் சாறு? பாட்டி கட்டாயம் சொல்வார். அதை நம்பி அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமோல் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம், இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். ஏற்கெனவே இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல், ரத்தம் எடுக்கும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.